மேட்ரனம்மாவின் டூட்டி லிஸ்ட்

ஒவ்வொரு வருடமும் மே 12 வந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துகள் குவியும். கையில் விளக்கோடு நிற்கும் நைட்டிங்கேல் அம்மையார் படம், அதன் கீழே ‘சேவைத் தெய்வங்கள்’ என்று ஒரு வரி. அனுப்புகிறவர்கள் அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். நானும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பிவிடுவேன். ஆனால் 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, 2016-ல் செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் ஒன்று சொல்ல ஆசை. தெய்வத்துக்குப் பசிக்காது, தூக்கம் வராது, வீட்டில் காய்ச்சலோடு குழந்தை படுத்திருக்காது. நர்ஸுக்கு இதெல்லாம் உண்டு. அவளை மனுஷியாக நினைத்து வேலை வாங்கத் தெரிந்தவர் மேலே இருந்தால், அவளும் நோயாளியை மனுஷராக நினைப்பாள். அப்படி மேலே இருப்பவர்களைப் பற்றித்தான் இன்றைய பதிவு.

நான் வேலையில் சேர்ந்தது 1982-ல். ஊர் பெயர் வேண்டாம். ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்த நர்சிங் சூப்பரிண்டெண்டை நாங்கள் எல்லோரும் ‘மேட்ரனம்மா’ என்றுதான் கூப்பிடுவோம். குரல் எழுப்ப மாட்டார். கொஞ்சிப் பேசவும் மாட்டார். கோடு போட்ட நீள நோட்டில், பென்சிலால், ரப்பர் பக்கத்தில் வைத்துக்கொண்டு டூட்டி லிஸ்ட் எழுதுவார். பேனாவால் எழுதினால் மாற்ற மனம் வராது என்பார்.

அந்த நோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் சில குறிப்புகள் இருக்கும். யாருடைய மாமியாருக்கு எந்தக் கிழமை ஆஸ்பத்திரி, யாருடைய பிள்ளைக்குப் பரீட்சை, போன தீபாவளிக்கு யார் டூட்டி பார்த்தார்கள், கிறிஸ்துமஸுக்கு யார், ரம்ஜானுக்கு யார். லீவு கேட்டு வாசலில் நிற்கத் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் வாங்கிவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வாய்மூடிக் கிடப்பார்கள். கேட்காதவளுக்கும் அவள் பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குறிப்புகள். புதிதாக வந்த பெண்ணை முதல் மாதத்தில் தனியாக நைட் டூட்டியில் போட மாட்டார். ஏழு நாள் நைட் முடித்தவளை மறுநாள் ‘ஆள் இல்லை, ஒரு வேளை வந்துவிட்டுப் போ’ என்று கூப்பிட மாட்டார். பெரிய விஷயமாகத் தெரியாது. அந்த ‘ஒரு வேளை’க்காக அழுத பெண்களைப் பின்னால் வேறு இடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெண்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு லட்சுமி. இரவு பத்து மணி ஊசி ஒரு லட்சுமிக்குப் போட வேண்டியது. என்னோடு வேலை பார்த்த ஜூனியர் பெண் மற்ற லட்சுமிக்குப் போட்டுவிட்டாள். போட்டு முடித்துக் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் கவனித்தாள். கை நடுங்க ஓடி வந்து என்னிடம் சொன்னாள். டூட்டி டாக்டருக்குச் சொன்னோம். மேட்ரனம்மா குவார்ட்டர்ஸிலிருந்து வந்துவிட்டார்.

வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “பேஷண்ட் எப்படி இருக்காங்க?” இரண்டாவது, அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீ ராத்திரி சாப்பிட்டியா?” மூன்றாவதுதான் “எப்படி நடந்துச்சு?” இந்த வரிசையை நான் கடைசி வரை மறக்கவில்லை. டாக்டர் பார்த்து, நடந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அந்த அம்மாளுக்கும் அவர் மகனுக்கும் விஷயத்தைச் சொல்லி, விடிய விடிய நாடியும் பிரஷரும் பார்த்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணிடம் எழுத்தில் விளக்கம் வாங்கினார் மேட்ரனம்மா, அதை விடவில்லை. ஆனால் வார்டில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றே ஒரு ஏற்பாடும் செய்தார். ஒரே பெயருள்ள இருவரைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போடக் கூடாது. கேஸ் ஷீட்டின் மேலே சிவப்புப் பென்சிலில் கணவர் பெயரோ அப்பா பெயரோ எழுத வேண்டும். ஊசி போடும் முன் நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்ல வைக்க வேண்டும்.

சில வருடம் கழித்து இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றலானேன். அங்கே இருந்த மேலதிகாரி வார்டுக்குள் நுழைந்தாலே சத்தம் காதைப் பிளக்கும். நோயாளிகள் முன்னாலேயே ‘உனக்கெல்லாம் யார் சர்டிஃபிகேட் கொடுத்தது’ என்பார். அந்த மருத்துவமனையில் தவறுகளை எழுதும் ரிஜிஸ்டர் பளிச்சென்று இருந்தது. மாதக்கணக்கில் ஒரு பதிவும் இல்லை. தவறே நடக்கவில்லை என்றா அர்த்தம்? சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இதை நான் அனுபவத்தில் கண்டேன். அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் இதையே கணக்குப் போட்டுக் காட்டினார் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்த வார்டுகளில் ஆட்கள் பயப்படாமல் தவறைச் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். 1996-ல் வெளியான இந்த ஆய்வு இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. எங்கள் மேட்ரனம்மாவுக்கு அதைப் படிக்க வாய்ப்பில்லை. அவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

கனிவு என்றவுடன், எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். எங்கள் வார்டில் ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தார். மதியம் ஒன்றரை மணி டூட்டிக்கு இரண்டேகாலுக்குத்தான் வருவார். கேட்டால் பஸ் வரவில்லை என்பார். மேட்ரனம்மா மூன்று முறை தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வேறு ஷிஃப்ட் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். நாலாவது முறை மெமோ கொடுத்துவிட்டார். அந்த சிஸ்டர் அழுதுகொண்டே போனார். எங்களில் சிலருக்கே அது கடுமையாகப் பட்டது. மேட்ரனம்மா சொன்னார்: “அவ வர்ற வரைக்கும் இங்க ஒருத்தி மாறமுடியாம நிக்கிறா. அவளுக்குப் பால்குடி மாறாத குழந்தை வீட்டுல. அதை யாரு பாக்கறது?” ஒருவருக்குக் காட்டும் தாராளத்தின் விலையை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது.

விளக்கேந்திய நைட்டிங்கேலை எல்லோருக்கும் தெரியும். 1854-ல் 38 பெண்களோடு துருக்கியில் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். இரவில் விளக்கோடு வார்டுகளைச் சுற்றி வந்தார். அந்தப் படம் மட்டும் நம் மனதில் தங்கிவிட்டது. அவர் 1859-ல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ என்ற சின்னப் புத்தகத்தில் நிர்வாகம் பற்றியே தனி அத்தியாயம் இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: நீ இருக்கும்போது நடக்கும் நல்ல காரியம், நீ இல்லாதபோதும் நடக்குமா என்று பார். எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று ஓடுவது பொறுப்பாகாது. பெயர் குழம்பாமல் இருக்க மேட்ரனம்மா செய்த சிவப்புப் பென்சில் ஏற்பாடு இந்த வகைதான். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வார்டில் அது தொடர்ந்தது.

நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1909-ல் டெலியா ஹூட்டன் என்ற செவிலியரோடு சேர்ந்து அங்கே நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. அந்தக் காலத்தில் நம் குடும்பங்கள் பெண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்பத் தயங்கின. பிறர் உடம்பைத் தொடுவது, மலஜலம் எடுப்பது, இரவில் வெளியே இருப்பது என்று ஆயிரம் ஆட்சேபணை. என் அப்பாவே 1978-ல் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஹாஸ்டல் வார்டனைப் பார்த்துப் பேசி, கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சமாதானமானார். நம் பெண்கள் இந்த வேலைக்கு வந்தது சேவை மனப்பான்மையால் மட்டும் நடக்கவில்லை. பூட்டிய கதவும், பொறுப்பான வார்டனும், நேரத்துக்குச் சாப்பாடும் இருந்ததால் நடந்தது.

இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. ஸ்டாஃபோர்டு என்ற ஊரின் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்த அலட்சியத்தை ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் விசாரித்து, 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கை எட்டாத இடத்தில், துணி மாற்ற ஆளில்லாமல் முதியவர்கள் கிடந்திருக்கிறார்கள். அங்கே இருந்த நர்ஸுகள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? நிர்வாகத்தின் கவனம் பணக் கணக்கிலும் இலக்குகளிலும் இருந்தது, ஆட்களைக் குறைத்தார்கள், குறை சொன்னவர்களின் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அதன் பிறகுதான் கனிவான தலைமை என்ற பேச்சு அங்கே பலமாக எழுந்தது. மைக்கேல் வெஸ்ட் என்ற பேராசிரியர் அதை நாலு படியாகச் சொல்கிறார்: காது கொடுத்துக் கேள், நிலைமையைப் புரிந்துகொள், அவர் கஷ்டத்தை உணர், பிறகு உதவு. இதில் நாலாவது படி இல்லாமல் முதல் மூன்றை மட்டும் செய்பவர்களை நம் ஊரிலும் பார்க்கிறோம். நன்றாகக் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், ஒன்றும் நடக்காது.

என் சர்வீஸின் கடைசி வருடத்தில் இந்த நாலாவது படி எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தார்கள். அது நடக்காததால் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடியதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலர் என் வார்டுகளுக்கு வந்தார்கள். ஒரே வார்டு, ஒரே வேலை; நிரந்தர சிஸ்டர் வாங்குவதில் ஒரு சிறு பங்குதான் இந்தப் பெண்ணின் சம்பளம். அதைக் கூட்டிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் டூட்டி லிஸ்ட் என் கையில் இருந்தது. ‘புதுப் பிள்ளைங்கதானே, நைட்டெல்லாம் அவங்க பாக்கட்டும்’ என்று சீனியர்கள் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. நைட்டும் ஆஃபும் எல்லோருக்கும் சமமாக எழுதினேன். சில சீனியர்கள் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆள் பற்றாக்குறையையும் பேசியாக வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். லீவில் போகிறவர்களை ஈடுகட்ட அதற்கு மேல் 30 சதவீதம். இதைக் கண்ணால் பார்த்த நர்ஸ் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். நாற்பது பேர் வார்டில் ஒருத்தியை நிறுத்திவிட்டு, சிரித்த முகத்தோடு இரு என்று சொல்வது கனிவில் சேராது. நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எந்த வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்று எண்ணிக்கை போட்டு மேலே கடிதம் அனுப்புவேன். பல கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஒரு தடவை நாலு பேரை மாற்றுப் பணியில் அனுப்பினார்கள். அந்த நாலு பேருக்காக அத்தனை கடிதமும் தகும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வடக்குப்பட்டில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது பழங்காலக் கற்கருவிகள் கிடைத்ததை எல்லோரும் போய்ப் பார்த்தோம். அந்தக் குழியிலிருந்து கொஞ்ச தூரம் போனால் ஒரகடம் கூட்டுரோடு; வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற இடம். காலை ஐந்தரைக்கே கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். தஞ்சாவூர், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று எங்கிருந்தோ வந்த பெண் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறுவார்கள். தொழிற்சாலைகளோடு சேர்ந்து தனியார் மருத்துவமனைகளும் பெருகிவிட்டன. அங்கே வேலை பார்ப்பதும் அதே வயதுப் பிள்ளைகள்தான்.

எதிர்வீட்டுப் பெண் அப்படி ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பெயரும் இடமும் வேண்டாம். பி.எஸ்.ஸி. நர்சிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஒருநாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். “பெரிம்மா, நைட்டுல இருபத்தெட்டு பேருக்கு நாங்க ரெண்டு பேரு. காலையில எட்டுக்கு முடியணும், பத்து ஆயிடுது. கம்பெனியில லைன்ல நின்னாலே இந்தச் சம்பளம் வருதாம். எட்டு மணி நேரம், பஸ் வாசல்ல வருது. போயிடட்டுமா?” என்று கேட்டாள்.

நாலு வருடப் படிப்பு. அவள் அப்பா அதற்காக வீட்டுமனையை விற்றவர். ‘புனிதமான வேலை, பொறுத்துக்கோ’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்குச் சமமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அங்கேயும் நர்ஸ் வேலை உண்டு, படிப்பு வீணாகாது. வெளிநாடு போக நினைத்தால் ஏஜெண்டிடம் ஏமாறாமல், 1978 முதல் இருக்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் கேள் என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “சம்பளம்கூடப் பரவாயில்ல பெரிம்மா. போன வாரம் ஒரு பேஷண்டோட சொந்தக்காரன் கையை ஓங்கிட்டு வந்தான். எங்க இன்சார்ஜ் அவன்கிட்ட ஸாரி கேக்கச் சொன்னாங்க. நான் எதுக்குக் கேக்கணும்?” மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டப் புத்தகம் அந்த நேரத்தில் வார்டுக்கு ஓடி வராது. இன்சார்ஜ் வந்து அவள் முன்னால் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இரண்டு மாதம் முன்பு அங்கே இன்சார்ஜ் மாறிவிட்டாராம். புதிதாக வந்தவர் டூட்டி லிஸ்டை ஒரு வாரம் முன்னதாக ஒட்டுகிறார். காலை ஹேண்டிங் ஓவருக்குத் தானே ஏழரைக்கு வந்து நின்று, எட்டரைக்குள் நைட் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறார். சம்பளம் அதேதான். இருபத்தெட்டுக்கு இரண்டும் அதேதான். “பொங்கல் வரைக்கும் பாக்கறேன் பெரிம்மா” என்று சொல்லியிருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நல்ல இன்சார்ஜால் ஒரு பெண்ணைச் சில மாதம் நிறுத்தி வைக்க முடியும். நிரந்தரமாக நிறுத்துவது ஆட்களைக் கூட்டி, சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் கையில் இருக்கிறது.

இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்களுக்கு மருத்துவமனை வாசல் புதிதல்ல. அடுத்த முறை போகும்போது டாக்டர் பெயரோடு அந்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் வர ஐந்து நிமிடம் தாமதமானால், கத்துவதற்கு முன் இன்றைக்கு எத்தனை பேர் டூட்டியில் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். குறை இருந்தால் நிர்வாகத்துக்கு எழுதும்போது அந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். எங்களைப் போன்றவர்கள் எழுதிய கடிதத்தைவிட, பணம் கட்டும் நோயாளி எழுதும் கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும்.

உங்கள் வீட்டில் நர்ஸ் வேலைக்குப் போகும் மகளோ மருமகளோ பேத்தியோ இருந்தால், அவளுடைய இந்த மாத டூட்டி லிஸ்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். எந்த நாள் நைட், எந்த நாள் ஆஃப் என்று தெரிந்தால், நைட் முடித்து வருகிற காலையில் காலிங் பெல்லை அடிக்காமலாவது இருக்கலாம்.